மூன்று நகரங்களும் ஒரு சாப்பாட்டு மேசையும்

மனித குலம் மேற்கொண்ட பயணங்களில் மகத்தானது எது என்று கேட்டால், விவரம் தெரியாதவர்கள் நிலவுக்குப் போனதைச் சொல்வார்கள். அவர்களைக் குற்றம் சொல்ல முடியாது. எங்கள் வீட்டில் உருவான 'போலந்து வரலாற்று நகரங்கள் சிறு சுற்றுலா' பற்றி அவர்கள் கேள்விப்பட்டிருக்க மாட்டார்கள். அந்தச் சுற்றுலாவில் ஒருவருக்கும் கால் வலிக்கவில்லை. ஒரு பெட்டியும் தொலையவில்லை. ஒரு வேளையும் யாரும் பட்டினி கிடக்கவில்லை. நிலவுக்குப் போனவர்களால் இப்படி மார்தட்ட முடியுமா? அதன் திட்டக் குழுவில் செயலாளராகப் பணியாற்றும் பேறு பெற்றவன் என்ற முறையில், நடந்ததை உள்ளது உள்ளபடி எழுதி வைக்கிறேன்.

எங்கள் ஊர் குட்னோ. போலந்து ரயில்களில் பாதி எங்கள் சந்திப்பில் நின்று மூச்சு வாங்கிவிட்டுத்தான் போகும். வார்சாவா? போஸ்னானா? தோருனா? எங்கே வேண்டுமானாலும் இங்கிருந்து போகலாம். எப்போது வேண்டுமானாலும் போகலாம் என்பதால் நாங்கள் எப்போதும் போனதில்லை. என் மாமனார் ரோமுவால்ட் அந்தச் சந்திப்பின் கட்டுப்பாட்டு அறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். எந்தத் தடத்தில் எந்த வண்டி வரும் என்று தூக்கத்திலும் சொல்வார். சொல்லியும் இருக்கிறார் என்று என் அத்தை, அதாவது மாமியார் தெக்லா, சாட்சி சொல்கிறார்.

இப்படி அமைதியாகப் போய்க்கொண்டிருந்த குடும்பத்துக்குக் கனடாவிலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. பேசியவர் லெயோகாதியா. மாமனாருக்குப் பெரியப்பா மகள். எனக்குப் பெரியம்மா முறை. ஒன்பது வயதில் அப்பா அம்மாவோடு கப்பல் ஏறியவர். வின்னிபெக் நகரத்தில் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டி, பனியிலும் பிள்ளைகளின் கூச்சலிலும் காலம் தள்ளியவர். இலையுதிர் காலத்தில் அவருக்கு இடுப்பு அறுவை சிகிச்சை. அதற்குப் பிறகு இவ்வளவு தூரம் வர முடியாது. அதனால் இப்போதே வந்து தோருன், க்டான்ஸ்க், கிராக்கோவ் மூன்றையும் பார்த்துவிட வேண்டும் என்றார். மூன்றும் முடியாவிட்டால் தோருன் மட்டுமாவது.

"எங்க அம்மா பொறந்த ஊரு அது. சாகிற வரைக்கும் அந்த ஆத்தங்கரைச் சுவரைப் பத்தியேதான் பேசுவாங்க. நான் ஒரு தடவை கண்ணால பாத்துட்டாப் போதும் தம்பி" என்றார் மாமனாரிடம்.

"அக்கா, நீங்க வாங்க. மத்ததை நாங்க பாத்துக்கறோம்" என்றார் மாமனார். வரலாற்றில் எத்தனையோ பேரரசுகள் இந்த ஒரு வாக்கியத்தால் வீழ்ந்திருக்கின்றன. அது அன்று எங்களுக்குத் தோன்றவில்லை.

அன்றைக்கே திட்டக் குழு அமைக்கப்பட்டது. தலைவர், மாமனார். தொழில்நுட்ப ஆலோசகர், என் மச்சான் கொன்ராட். இவர் வூச் நகரத்தில் ஒரு நிறுவனத்தில் 'திட்ட மேலாளர்'. அங்கே எந்தத் திட்டத்தை மேலாள்கிறார் என்று நாங்கள் கேட்டதில்லை. அவரும் கேட்டதில்லை என்று நினைக்கிறேன். செயலாளர் நான். அத்தை குழுவில் இல்லை. குழுவுக்குச் சாப்பாடு போடுபவர் குழுவில் உட்கார்ந்துவிட்டால் சாப்பாடு யார் போடுவது என்று தலைவர் கேட்டார். கேள்வி நியாயமாகப் பட்டதால் ஒருமனதாக ஏற்றோம். என் மனைவி தோப்ராவா ஒரு செவிலி. விருந்தாளி வரும் வாரம் முழுக்க மருத்துவமனையில் இரட்டைப் பணி கேட்டு வாங்கிக்கொண்டாள். பிறந்த வீட்டை அறிந்தவள்.

மச்சான் கணினியில் ஓர் அட்டவணை போட்டுக் கொண்டுவந்தார். தோருனுக்குப் பச்சை, க்டான்ஸ்குக்கு நீலம், கிராக்கோவுக்குச் சிவப்பு. சாப்பாட்டு நேரங்களுக்கு மஞ்சள். எட்டி நின்று பார்த்தால் மே மாதத்துக் கடுகு வயல் மாதிரி இருந்தது. பச்சை ஓரமாக எங்கேயோ முளைத்திருந்தது.

விருந்தும் மருந்தும் மூன்று நாள் என்பார்கள். பெரியம்மா ஐந்து நாளுக்கு வந்திறங்கினார். வந்தவரைக் கோழி சூப், பீட்ரூட் சூப், ரொட்டித்தூளில் புரட்டிப் பொரித்த பன்றிக்கறி, முட்டைக்கோஸும் தொத்திறைச்சியும் சேர்த்து வேகவைத்த பிகோஸ் என்று முறைப்படி வரவேற்றோம். அவர் முதல் தட்டு முடிந்ததும் "போதும், வேண்டாம்" என்றார். அங்கேதான் சிக்கல் தொடங்கியது. கனடாவில் வேண்டாம் என்றால் வேண்டாம் போலிருக்கிறது. எங்கள் ஊரில் 'வேண்டாம்' என்பது பதில் இல்லை, முன்னுரை. முதல் வேண்டாம் மரியாதைக்கு, இரண்டாம் வேண்டாம் கூச்சத்துக்கு. மூன்றாவது முறை கேட்டதும் தட்டை நீட்ட வேண்டும். பெரியம்மா நாலாவது முறையும் வேண்டாம் என்றார். இவ்வளவு கூச்ச சுபாவமுள்ள பெண்மணியை நாங்கள் பார்த்ததே இல்லை. ஆகவே கேட்காமலே போட்டோம்.

மறுநாள் தோருன். அதிகாலையிலேயே எல்லோரும் தயார். பெரியம்மா சாம்பல் நிற மேலங்கியும், நடப்பதற்கென்றே வாங்கிய புதுக் காலணியுமாக வாசலில் நின்றார். முகத்தில் பள்ளிக்கூடச் சுற்றுலா போகும் பிள்ளையின் களை. கதவைத் திறக்கக் கை வைத்தபோது மாமனார் தடுத்தார்.

"அக்கா, உக்காராம கிளம்பக் கூடாது."

இது எங்கள் வழக்கம். பயணம் புறப்படும் முன் எல்லோரும் வீட்டுக்குள் ஒரு நிமிடம் உட்கார வேண்டும். உட்காராமல் போனால் வழியில் ஏதாவது ஆகிவிடும். உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று மட்டும் யாரும் ஆராய்ந்ததில்லை. எங்கள் வீட்டில் நாற்காலிகள் சாப்பாட்டு மேசையைச் சுற்றித்தான் இருக்கின்றன. அவற்றில் நால்வர் உட்கார்ந்தால் அத்தையின் கை தானாகக் கரண்டிக்குப் போகும். அன்றும் போனது. சூப் வந்துவிட்டால் எழுந்திருப்பது பாவம்; அது முடிந்தால் அடுத்தது வரும். மூன்றாவது தட்டின்போது தொலைவில் வண்டி கூவும் சத்தம் கேட்டது. மாமனார் கரண்டியை உயர்த்திக் காது கொடுத்தார்.

"தோருன் வண்டி. சரியான நேரத்துக்குக் கிளம்பிடுச்சு பாத்தீங்களா" என்றார். அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமிதம்.

அடுத்த நாள் க்டான்ஸ்க். குழு பாடம் கற்றிருந்தது. மேசை ஆபத்து என்று உணர்ந்து, செருப்பு மாட்டும் இடத்திலேயே பெட்டிகளின் மேல் உட்கார்ந்து சடங்கை முடித்தோம். வெளியே வந்தோம். வாசல் கேட்டையும் தாண்டினோம். குழுவின் வரலாற்றில் அதுவே நாங்கள் எட்டிய தொலைதூரம். அங்கே மாமனார் சட்டைப் பையைத் தடவினார். மூக்குக் கண்ணாடியைக் காணோம்.

எடுத்த காலைத் திருப்பி வைத்து, மறந்த பொருளுக்காக வீட்டுக்குள் போனால் அதற்கும் எங்களிடம் பரிகாரம் உண்டு. உட்கார்ந்து பத்து வரை எண்ண வேண்டும். உட்கார்ந்தோம். இம்முறை மேசையில்தான், ஏனென்றால் கண்ணாடி மேசைமேல்தான் இருந்தது. எண்ண ஆரம்பித்தோம். ஏழுக்கும் எட்டுக்கும் நடுவில் கசகசா கேக் வந்தது. பெரியம்மா அதைப் பார்க்காமல் வேகமாக எண்ணி முடித்து எழுந்தார்.

"ஒம்பது, பத்து. கிளம்பலாமா?"

"அக்கா, நாங்க வாயில கேக்கை வெச்சுக்கிட்டு எண்ணிட்டோம். அது செல்லாது. மொதல்லேர்ந்து எண்ணணும்" என்றார் மாமனார்.

இந்த விதி அதுவரை போலந்தில் எங்கும் இருந்ததாக எனக்குத் தெரியாது. ஆனால் தலைவர் சொன்னபின் செயலாளர் சரித்திரம் புரட்டக் கூடாது. மூன்றாம் முறை எண்ணும்போது காப்பியும் வந்து சேர்ந்தது. க்டான்ஸ்க் வண்டியும் நேரத்துக்கே கிளம்பியது. அதையும் பெருமையோடு கேட்டோம்.

அன்று மாலை அவசரக் கூட்டம். மச்சான் புதிய அணுகுமுறை ஒன்றை முன்வைத்தார். உலகம் மாறிவிட்டது, இடத்துக்கு மனிதன் போவது பழைய முறை, மனிதனிடம் இடம் வருவதுதான் இன்றைய முறை என்று விளக்கினார். இதற்கு 'கலப்புச் சுற்றுலா' என்று பெயர். என்ன கலப்பது என்று கேட்டேன். எல்லாவற்றையும் என்றார். ஆகவே மறுநாள் பக்கத்துக் கடையிலிருந்து தோருன் இஞ்சி ரொட்டி வந்தது. க்டான்ஸ்க் கடலின் சார்பில் ஹெரிங் மீன் ஊறுகாய் வந்தது. கிராக்கோவுக்கு எள் தூவிய வளைய ரொட்டி வந்தது. தொலைக்காட்சியில் மூன்று நகரங்களின் படமும் ஓடியது. கிராக்கோவ் கோபுரத்தில் மணிக்கொரு முறை ஊதும் எக்காளத்தை மச்சான் தன் கைபேசியில் ஊதவிட்டார். மீன் பரிமாறும் இடைவெளியில் அதை நிறுத்தி வைத்து, பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். நேரில் போனால் இந்த வசதி கிடைக்காது.

மதியத்துக்குள் மூன்று நகரங்களும் முடிந்தன. மச்சான் அட்டவணையில் குறித்துக்கொண்டு கேட்டார்.

"பெரியத்தை, தோருன் முடிஞ்சுது. அஞ்சு நட்சத்திரத்துக்கு எத்தனை குடுப்பீங்க?"

"கொன்ராட், நான் மூணு நாளா உங்க வீட்டுச் சுவரைத்தான் பாத்துட்டிருக்கேன்" என்றார் லெயோகாதியா.

"சுவருக்கும் தனியா மதிப்பீடு போடலாம்" என்று மச்சான் ஒரு கட்டம் சேர்த்தார்.

பெரியம்மா அவரை விட்டுவிட்டு மாமனாரைப் பார்த்தார். நாளைக்கு ஒரு நாள்தான் மிச்சம், நாளை மறுநாள் விமானம், நாளைக்காவது தோருன் போகலாமா என்று கேட்டார். கெஞ்சவில்லை. கெஞ்சியிருந்தால் எங்களுக்கு எளிதாக இருந்திருக்கும், இன்னொரு துண்டு கேக் வைத்திருப்போம். நாளை ஞாயிற்றுக்கிழமை, வழியனுப்பு விருந்து, அதற்கு வாத்து வாங்கியாகிவிட்டது என்று மாமனார் பதில் சொன்னார். பெரியம்மா தலையைக் குனிந்து இஞ்சி ரொட்டியைச் சின்னச் சின்னத் துண்டாக உடைத்துக்கொண்டே இருந்தார். ஒன்றையும் வாயில் போடவில்லை. செயலாளர் என்ற முறையில் 'இஞ்சி ரொட்டி, மீதம்' என்று நான் குறித்துக்கொண்டேன்.

ஞாயிறு காலையில் நாங்கள் மூன்று ஆண்களும் வாத்தை எதிர்கொள்ளத் தேவையான உறக்கத்தில் இருந்தோம். பெரியம்மா மேலங்கியோடு சமையலறைப் பக்கம் வந்தாராம். அத்தை தட்டோடு திரும்பினாராம்.

"காலைப் பூசைக்குப் போறேன் தெக்லா. நற்கருணை வாங்கணும். வாயில ஒண்ணும் போடக் கூடாது" என்று பெரியம்மா சொல்லியிருக்கிறார்.

பூசையில் தரும் புனித அப்பமான நற்கருணைக்கு முன் ஒரு மணி நேரம் விரதம். போலந்தில் ஒரு விருந்தாளி கை நனைக்காமல் வீட்டைவிட்டு வெளியேற இது ஒன்றே சட்டபூர்வமான வழி. மன்னர்களும் படையெடுத்து வந்தவர்களும் கண்டுபிடிக்காத அந்த வழியை ஒரு பேருந்து ஓட்டுநர் நான்கே நாளில் கண்டுபிடித்துவிட்டார். அத்தை அவரை ஏற இறங்கப் பார்த்தாராம், குறிப்பாக அந்த நடைக் காலணிகளை. பிறகு கதவைத் திறந்து விட்டாராம்.

பூசை முடிந்தது. அடுத்த பூசையும் முடிந்தது. வாத்து வெந்து, பொன்னிறமாகி, ஆறத் தொடங்கியது. பெரியம்மா வரவில்லை. குழு கூடியது. காணாமல் போன விருந்தாளிக்கு என்ன நிறம் என்பதில் மச்சானுக்கும் தலைவருக்கும் கருத்து வேறுபாடு ஏற்பட்டது. ஊதா என்று முடிவானபின் மாமனார் கட்டுப்பாட்டு அறையிலிருந்த பழைய நண்பருக்குப் போன் போட்டார். சாம்பல் மேலங்கி போட்ட அம்மா ஒருவர் தோருன் வண்டியில் ஏறினார் என்று தகவல் வந்தது.

"சாப்பிட ஏதாவது வெச்சிருந்தாங்களா?" என்று மாமனார் கேட்டார்.

கையில் ஒன்றும் இல்லையாம். வண்டியில் கூட்டம், நின்றுகொண்டுதான் போனாராம். மாமனார் போனை வைத்துவிட்டு நாற்காலியைப் பிடித்துக்கொண்டார். எங்கள் வீட்டு விருந்தாளி பட்டினியோடு, அதுவும் நின்றபடி, ஒரு வரலாற்று நகரத்துக்குப் போயிருக்கிறார். அக்கம்பக்கத்துக்குத் தெரிந்தால் குடும்ப மானம் என்ன ஆவது?

மாலையில் வந்தார். காற்று அடித்துக் கன்னம் சிவந்திருந்தது. புதுக் காலணியில் ஆற்றங்கரைச் சேறு. கொஞ்சம் நொண்டினார், ஆனால் பத்து வயது குறைந்தவராக நொண்டினார். நாங்கள் வாயைத் திறக்கும் முன் கைபேசியை மேசைமேல் வைத்துப் படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார். செங்கல் கோபுரங்கள், சாய்ந்து நிற்கும் ஒரு கோபுரம், ஆற்றை ஒட்டி ஓடும் நீளச் சுவர்.

"அம்மா சொன்னது ஒண்ணும் பொய்யில்ல. சுவர் அப்படியே செவப்பா இருக்கு. அதுல கையை வெச்சுக்கிட்டு ரொம்ப நேரம் நின்னேன். அழுதேன். யாரும் என்னன்னு கேக்கல. பேசாம போனாங்க. நல்லா இருந்துச்சு."

அத்தை மட்டும் அருகே வந்து படத்தைக் குனிந்து பார்த்தார். கையில் கரண்டி இருந்தது, கண் படத்தில் இருந்தது.

"ஆமா, இந்தச் சுவருக்குப் பின்னால தெரியுதே, இது என்ன கட்டடம்?" என்று பெரியம்மா மாமனாரைக் கேட்டார்.

மாமனார் மச்சானைப் பார்த்தார். மச்சான் என்னைப் பார்த்தார். நான் உப்புக் குப்பியைப் பார்த்தேன்.

"தம்பி, நீ தோருன் பாத்திருக்கியா இல்லையா?"

"ரயில் அனுப்பியிருக்கேன்" என்றார் மாமனார்.

"போனதில்லையா?"

"எத்தனையோ வண்டி அனுப்பியிருக்கேன் அக்கா. ஒண்ணுகூட லேட்டானதில்ல."

ஒரு மணி நேரச் சொச்சம் தூரத்தில் இருக்கும் ஊர். பெரியம்மா எங்களை ஒவ்வொருவராகப் பார்த்தார். மச்சான், தான் தோருனைப் படத்தில் மிகத் துல்லியமாக அறிந்திருப்பதாகச் சொன்னார். நிலைமையைச் சமாளிக்க மாமனார் குடும்பத்தின் மாபெரும் பண்பாட்டுக் காரணத்தை எடுத்து விட்டார்.

"எப்படி அக்கா போறது? இவ மெனக்கெட்டு ஆக்கி வெச்சிருப்பா. அதை ஆற விட்டுட்டு ஊர் சுத்தப் போனா இவ மனசு என்ன பாடுபடும்?"

அத்தை கரண்டியை மேசைமேல் வைத்தார். மெதுவாகத்தான் வைத்தார். ஆனாலும் எல்லோருக்கும் கேட்டது.

"என் மனசா? முப்பது வருஷமா நீங்க எங்கயாவது கிளம்ப மாட்டீங்களான்னு காத்துட்டிருக்கேன். ஒரு நாள், ஒரே ஒரு நாள் அடுப்பை அணைச்சுட்டு உக்காரலாமேன்னு. நீங்க யாரும் எந்திரிக்கல. எந்திரிக்காதவங்களுக்குப் போடாம என்ன பண்றது? ஆக்குறது நானு, 'விருந்தோம்பல்'னு பேர் வாங்குறது நீங்க. உங்க கலர் கலரா போட்ட காகிதத்துல எனக்கு ஒரு கட்டம் இருக்கான்னு யாராவது பாத்தீங்களா?"

மச்சான் பார்த்தார். இல்லை.

அத்தை பெரியம்மாவிடம் திரும்பி, நாளைக்கு விமானம் எத்தனை மணிக்கு என்று விசாரித்தார். சாயங்காலம் என்றார் பெரியம்மா. வார்சா வரை தானே வந்து வழியனுப்புவதாக அத்தை சொன்னார்.

"அப்படியே அங்கேர்ந்து கிராக்கோவ் போறேன் அண்ணி. அப்புறம் கடல் பக்கம்."

"எப்ப வருவே?" என்றார் மாமனார். அவர் குரல் கேட்க எனக்கே பாவமாக இருந்தது.

"பாத்து முடிச்சுட்டு வருவேன்."

காலையில் இரண்டு பெண்களும் போனார்கள். அத்தை கையில் சின்னப் பை ஒன்று, தலையில் நாங்கள் அதுவரை பார்த்திராத ஒரு தொப்பி. வண்டி சரியான நேரத்துக்குக் கிளம்பியது. அதைக் கேட்டு இம்முறை யாரும் பெருமைப்படவில்லை. அத்தையிடமிருந்து இதுவரை மூன்று படங்கள் வந்திருக்கின்றன. எல்லாவற்றிலும் ஏதாவது ஒரு சிற்றுண்டிக் கடையில் உட்கார்ந்திருக்கிறார். வேறு யாரோ பரிமாறுகிறார்கள்.

இதை எழுதும் இந்த நேரத்தில் திட்டக் குழு சமையலறையில் கூடியிருக்கிறது. விருந்தோம்பலில் உலகத்துக்கே வழிகாட்டிய குடும்பம் இது. ஒரு பெண்ணை முப்பது வருடம் நிற்க வைத்துவிட்டுத்தான் அந்த வழியைக் காட்டியிருக்கிறோம். முட்டை அவிக்கத் தண்ணீர் வேண்டுமா, வேண்டாமா என்று சற்று முன்தான் வாக்கெடுப்பு நடந்தது. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தண்ணீர் தோற்றுவிட்டது.